சாமை என்பவள் தலை சாய்த்தாள்

போளூரில் ஏறிய பஸ் வளைந்து வளைந்து மலையேறி ஜமுனாமரத்தூரில் எங்களை இறக்கிவிட்டபோது காலை பத்தரை இருக்கும். புரட்டாசிக் கடைசி. கூட வந்தவர் கொல்கத்தா நண்பர். வானம் பார்ப்பதில் பைத்தியம். காவலூர் தொலைநோக்கியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆறு மாதமாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'காபி', 'போதும்' என்ற இரண்டு சொற்கள்தான். மீதிக்குக் கைப்பேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி வைத்திருந்தார். யார் பேசினாலும் அவர்கள் முகத்துக்கு நேரே அதை நீட்டிவிடுவார்.

டீ குடித்துவிட்டு ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் நடந்தோம். சரிவில் ஒரு சாமைக் கொல்லை. வரப்பில் நின்றிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே வந்தார். "வெள்ளாமை எப்படி ஐயா?" என்று கேட்டேன்.

"சாமை தலை சாஞ்சிருச்சு சார். பத்து நாள்ல அறுத்துடலாம்."

நண்பர் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய்க் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது: சாமை தலையைச் சாய்த்துவிட்டாள், இன்னும் பத்து நாளில் அவளை வெட்டிவிடலாம்.

யார் இந்தச் சாமை, அவள் என்ன தப்பு செய்தாள், போலீஸுக்குச் சொல்ல வேண்டாமா என்று அவர் கேட்டதைப் பெரியவருக்குச் சொன்னபோது, அவர் சிரித்த சிரிப்பில் கொல்லையில் மேய்ந்த குருவிகள் பறந்தன. ஒரு கதிரை ஒடித்து நண்பர் கையில் கொடுத்தார். மணி பிடித்து முற்றிய கதிர், தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் வளைந்து தொங்கியது. "இதான் அந்தப் பொண்ணு" என்றார்.

இயந்திரம் தடுக்கி விழுந்ததைவிட நான் தடுக்காமல் நடந்ததுதான் பிறகு எனக்கு விசித்திரமாகப் பட்டது. சாமைக்கு ஏது தலை? அது எங்கே சாய்ந்தது? தமிழில் தலை சாய்ப்பது என்றால் சற்றுப் படுப்பது. சில நேரம் செத்துப்போவதும்தான். இவ்வளவு இருந்தும் அந்த வாக்கியம் என் காதில் விழுந்த வேகத்திலேயே 'பயிர் முற்றிவிட்டது' என்று புரிந்துவிட்டது. நடுவில் எந்த யோசனையும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்படித்தான் எல்லோருக்கும் நடக்கிறதா என்று உளவியல்காரர்கள் நெடுநாள் சண்டை போட்டிருக்கிறார்கள். 1960களின் கடைசியில் பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளிலிருந்து ஒரு கருத்து பரவியது. ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் முதலில் அதன் நேர்ப்பொருளைத்தான் எடுப்போம். அது பொருந்தாமல் உதைத்தால் மட்டும் 'இவர் வேறு ஏதோ சொல்ல வருகிறார்' என்று அடுத்த பொருளைத் தேடுவோம் என்பது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதன்படி சாமை வாக்கியத்தில் நானும் ஒரு கணம் தலை சாய்த்த பெண்ணைக் கண்டிருக்க வேண்டும். கண்டு, இது சரிப்படாது என்று அவளைத் தள்ளிவிட்டுப் பயிருக்கு வந்திருக்க வேண்டும்.

1982-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சாம் க்ளக்ஸ்பர்க் குழுவினர் இதைச் சோதிக்க எளிமையான ஒரு வழி கண்டார்கள். திரையில் ஒரு வாக்கியம் வரும். அது சொல்லுக்குச் சொல் உண்மையா பொய்யா என்று மட்டும் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். உட்பொருளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 'சில பழங்கள் மேசைகள்' என்றால் பொய் என்று சட்டென்று அழுத்தினார்கள். 'சில வேலைகள் சிறைகள்' என்றபோது விரல் தயங்கியது. அதுவும் சொல்லுக்குச் சொல் பொய்தான். ஆனால் அதன் உருவகப் பொருள் அழைக்காமலே வந்து கதவருகில் நின்றுகொண்டு, 'உண்மைதானே?' என்று கேட்டது. அதைத் தள்ளிவிட்டு 'பொய்' என்று அழுத்தக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆக, உருவகப் பொருள் நேர்ப்பொருளின் பின்னால் வரிசையில் நிற்பதில்லை. இரண்டும் கூடவே வருகின்றன. மரபுத்தொடர்களில் இது இன்னும் வேகம். பழகிய மரபுத்தொடரை மக்கள் சாதாரணச் சொற்கோவையைவிடச் சீக்கிரம் அடையாளம் காண்கிறார்கள் என்று 1979-லேயே ஸ்வின்னியும் கட்லரும் காட்டியிருந்தார்கள். 'கைகழுவிட்டான்' என்று காதில் விழுந்தால் சோப்பு ஞாபகம் வருகிறதா என்ன?

இதற்காக மூளை சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. மண்டையில் மின்வாய்களைப் பொருத்தி அளந்தால், ஒரு சொல் வந்து விழுந்து சுமார் 400 மில்லிநொடியில் மின் அலை ஒன்று எழும். எதிர்பாராத சொல்லாக இருந்தால் அலை பெரிது. 1980-ல் குட்டாஸும் ஹில்யார்டும் கண்டுபிடித்தது இது. உருவகச் சொல்லுக்கும் அதே இடத்தில் அதே அலைதான். நேர்ப்பொருள் சொல்லைவிடச் சற்றுப் பெரிதாக எழுகிறது என்று 2002-ல் கூல்சனும் வான் பெட்டனும் எழுதினார்கள். அதாவது பாதை ஒன்றுதான், ஏற்றம் மட்டும் கொஞ்சம் கூடுதல். பக்கவாதத்தால் மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இந்த ஏற்றத்தில் சிக்கல் வருவதுண்டு. 1977-ல் விண்ணரும் கார்ட்னரும் அப்படிப்பட்டவர்களிடம் 'மனசு பாரமாக இருக்கிறது' என்பதற்கு இணையான ஆங்கிலத் தொடரைச் சொல்லிப் படங்களைக் காட்டினார்கள். அழுதுகொண்டிருக்கும் மனிதனை விட்டுவிட்டு, பெரிய இதயம் ஒன்றைத் தூக்க முடியாமல் தள்ளாடும் மனிதனின் படத்தைத் தொட்டவர்கள் அவர்களில் பலர். வேடிக்கை என்னவென்றால், தொடரின் பொருளை வாயால் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். உருவகத்துக்கு என்று மூளையில் தனி அறை இருக்கிறதா, இல்லை வீடு முழுக்க அதற்கும் வேலை செய்கிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் சாய்வு இரண்டாவது பக்கம். கரடுமுரடான நாள் என்பதுபோல் தொடு உணர்வைச் சொல்லும் உருவகங்களைக் கேட்கும்போது, விரலால் தடவிப் பார்க்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதியே கிளர்வதாக எமரி பல்கலைக்கழகத்தார் 2012-ல் காட்டியிருக்கிறார்கள்.

பழகப் பழக உருவகம் தேய்ந்து வெறும் சொல்லாகிவிடும். தமிழில் அப்படித் தேய்ந்தவற்றை ஒரு மலைப்பாதையில் நடந்தபடியே பொறுக்கலாம். மலைக்கு அடி இருக்கிறது, ஆற்றுக்குப் படுகை இருக்கிறது, வாய்க்காலில் வாயும் காலும் சேர்ந்தே கிடக்கின்றன. ஊசிக்குக் காது. ஆங்கிலேயனின் ஊசிக்கோ கண். ஒரே ஓட்டைதான், நாம் நூலைக் காதில் கோக்கிறோம், அவன் கண்ணில் கோக்கிறான். தெட்ரே கெண்ட்னரும் பிரையன் பவுடிலும் 2005-ல் இதை உருவகத்தின் வாழ்க்கைப் பயணம் என்றே வர்ணித்தார்கள்: புதிதாக இருக்கும்போது ஒப்பிட்டுப் புரிந்துகொள்கிறோம், பழகிய பிறகு அகராதியில் இருந்து எடுப்பதுபோல் எடுத்துக்கொள்கிறோம்.

காலத்துக்கும் இதே கதைதான். தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையில் அய்மாரா மொழி பேசுவோர் கடந்த காலத்தைச் சொல்லும்போது முன்பக்கம் கை காட்டுவார்கள், எதிர்காலத்துக்குத் தோளுக்குப் பின்னால். நூன்யெஸும் ஸ்வீட்ஸரும் 2006-ல் எழுதியபோது உலகமே வியந்தது. தமிழன் வியந்திருக்க வேண்டியதில்லை. 'முன்பு', 'முன்னோர்', 'முன்னாள்' எல்லாம் நமக்குக் கடந்தவை. 'பின்னாளில்' நடப்பதுதான் எதிர்காலம். ஆனால் 'முன்னேறு' என்றால் எதிர்காலத்தை நோக்கி நடக்கிறோம். இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டு குழம்பாமல் இருக்கிறோம்.

தேய்ந்த உருவகத்தை மொழிபெயர்ப்பது கடினமில்லை. அகராதி போதும், இன்றைய செயலிகளும் அதில் கெட்டி. 'மழை கைவிட்டுவிட்டது' என்று சொல்லிப் பார்த்தேன், சரியாகவே பெயர்த்தது. கஷ்டமெல்லாம் பொருளும் இடமும் தெரிந்தால் மட்டுமே திறக்கும் உருவகங்களில். அதற்கு ஜவ்வாது மலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காரணம், தமிழின் மிகத் துணிச்சலான உருவகம் ஒன்று இந்த மலையடிவாரத்துக்குச் சொந்தமானது.

ஜவ்வாது மலைக்குத் தெற்கே கீழே இறங்கினால் செங்கம். சங்க காலத்தில் அதன் பெயர் செங்கண்மா, ஆண்டவன் நன்னன். இந்த மலையில் பிறந்து ஓடும் செய்யாறுதான் அந்த உருவகம் பிறந்த பாட்டில் வரும் சேயாறு. பக்கத்தில் தனித்து நிற்கும் பருவத மலையைப் பாட்டின் நவிர மலை என்பார்கள். பாட்டு, பத்துப்பாட்டில் பத்தாவதான மலைபடுகடாம், 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அதனால் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். உ.வே.சாமிநாதையர் 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டபோது இதுவும் வெளியுலகுக்கு வந்தது.

வழி சொல்கிறவன் நடுவில் நின்று, 'கேளுங்கள்' என்று மலையின் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அருவிச் சத்தம். முள்ளம்பன்றி குத்திய வேடனின் அலறல். புலி கீறிய கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு. மூங்கில் ஏணி வைத்து, குரங்கும் போகாத பாறையில் தேனெடுத்தவர்களின் ஆரவாரம். பள்ளத்தில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் கூச்சல். பலாப்பழங்களின் மேல் கன்றுகளை நடக்கவிட்டுக் கொட்டை பிரிப்பவர்களின் சத்தம். தினை குற்றும் பெண்களின் பாட்டு, கரும்பாலையின் முறிப்பு, சேம்பையும் மஞ்சளையும் தோண்டவரும் பன்றியை விரட்டும் பறை. ஏறக்குறைய இருபது வகை. எல்லாம் ஒன்றாகக் கலந்து மலையிலிருந்து ஒழுகுகிற அந்த மொத்த ஒலிக்கு ஒரு பெயர் வைக்கிறான்: மலைபடுகடாம். கடாம் என்றால் யானையின் மதநீர். படு என்றால் தோன்றுதல். மலை ஒரு யானை; அதன் மேலிருந்து கசிந்து வரும் மதநீர்தான் அத்தனை சத்தமும்.

எனக்குத் தெரிந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு பொருளை இவ்வளவு சுருக்கமாக ஒன்றுசேர்த்த தலைப்பு வேறு இல்லை. காதால் கேட்பதை, கண்ணால் காண்பதும் மூக்கால் முகர்வதுமான ஒரு திரவமாக்கிவிட்டார். தொல்காப்பியம் உவமவியலில் உவமை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால், பயனால், வடிவால், நிறத்தால் ஒத்திருப்பது. மலைக்கும் யானைக்கும் மெய்யும் உருவும் சேர்ந்து பொருந்துகின்றன; யாரும் சொல்வார்கள். ஒலிக்கும் மதநீருக்கும்? வடிவம் இல்லை, நிறம் இல்லை. மிஞ்சுவது வினை. யானை மதநீரை ஊற்றுவதில்லை, அது தானாகக் கசிகிறது. நிறுத்தச் சொன்னால் நிற்காது. அந்த யானை வெறிகொண்டு உயிர்த்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மலையின் ஓசையும் அப்படியே. உரையாசிரியரும் மலையை யானையாகவும் ஓசையை மதமாகவும் கொள்ளவே வழிகாட்டுகிறார். வினை என்று பிரித்தது என் வாசிப்பு, தப்பென்றால் புலவர்கள் திருத்தட்டும்.

இதை மொழிபெயர்க்க உட்காருங்கள். யானை இல்லாத நாட்டு மொழியில் மதநீருக்குச் சொல்லே இருக்காது. ஆங்கிலத்தில் இருக்கும் 'மஸ்த்' பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாகப் போனது. போதை என்று அர்த்தம். அதைப் போட்டால் தலைப்புக்கு அடிக்குறிப்பு எழுத வேண்டும். போடாமல் மலையின் ஓசை என்று விட்டால் உருவகம் செத்தது, பொருள் மட்டும் பிழைத்தது. பெயரை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டு நகர்ந்தால் அது தப்பித்தல். ஆனால் நானே மொழிபெயர்த்தாலும் அதைத்தான் செய்வேன்.

இதே மதநீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. யானையின் கன்னத்தில் மதநீர் ஒழுக, அதை வண்டுகள் மொய்க்கும் என்று பழைய கவிதைகளில் திரும்பத் திரும்ப வரும். புலவர்களுக்கு எதைக் கண்டாலும் வண்டு மொய்க்கும். இதுவும் ஒரு கவிதை வழக்கு, அழகுக்கான மிகை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். மொழிபெயர்ப்பவர் அப்படி நினைத்தால் அந்த வண்டைச் சத்தமில்லாமல் விரட்டிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

2002-ல் நேச்சர் இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ராஸ்முசென், ரிடில், கிருஷ்ணமூர்த்தி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் சுரப்பியிலிருந்து ஆசிய ஆண் யானைகளுக்கு ஒழுகும் மதநீரை அவர்கள் பகுத்துப் பார்த்தார்கள். முதிர்ந்த ஆண்களுக்கு அது மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். ஆனால் இளவட்ட ஆண்களுக்கு முதன்முதலாக மதம் பிடிக்கும்போது வருவது தேன் வாசம். உருவகமாகச் சொல்லவில்லை, தேனில் இருக்கும் வேதிப்பொருள்கள் சிலவற்றை ஒத்தவையே அதில் இருந்தன. 'நான் சின்னப் பையன், என்னோடு மோத வேண்டாம்' என்று பெரிய யானைகளுக்கு விடும் வாசனைச் செய்தி அது என்பது அவர்கள் முடிவு. அந்தக் கிருஷ்ணமூர்த்தி வேறு யாருமல்ல, தமிழ்நாட்டு வனத்துறைக் கால்நடை மருத்துவராக இருந்த டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி, ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையில் வருகிறவர். வண்டு மொய்த்தது மிகையல்ல, பார்த்து எழுதியது என்று நம்ப இப்போது காரணம் இருக்கிறது. எந்தப் புலவரோ மதம் ஒழுகும் இளங்களிற்றை மூக்கு அறியும் தூரத்தில் பார்த்திருக்கிறார்.

எது அணி, எது செய்தி என்று பிரிப்பதில்தான் மொழிபெயர்ப்பாளன் முதலில் சறுக்குகிறான். அதைப் பிரித்துத் தருவது இலக்கணம் அல்ல, மண்ணைப் பற்றிய அறிவு. உள்ளுறை உவமத்துக்குத் தெய்வம் நீங்கலான கருப்பொருளே நிலைக்களன் என்று தொல்காப்பியம் விதித்தது இதனால்தானோ என்று எனக்குத் தோன்றும். அந்த நிலத்தின் மரம், மிருகம், பறவை, தொழில் இவற்றை வைத்துத்தான் மறைத்துச் சொல்ல வேண்டும். நிலம் தெரிந்தவன் திறந்துகொள்வான். மலைபடுகடாத்தின் ஒலிகளில் வேங்கை பூத்த நாளில் மலைமக்கள் போடும் கூச்சலும் ஒன்று. வேங்கை மரமும் வேங்கைப் புலியும் தமிழில் ஒரே சொல். 'புலி, புலி' என்று கத்திப் பூப்பறிக்கும் வழக்கம் அன்று இருந்தது. இதை எந்த மொழியில் கொண்டுபோய் வைப்பது?

மலையில் வாழ்கிற மக்களின் பெயரே இப்படி ஒரு பொறி. ஜவ்வாது மலையின் பழங்குடியினர் மலையாளிகள். மலையை ஆள்பவர்கள், மலைக்காரர்கள் என்று பொருள், பேசுவது தமிழ். பட்டியல் பழங்குடியினர் ஆணையிலும் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு என்று மாவட்டங்களின் பெயரோடுதான் அவர்கள் பெயர் இருக்கிறது. வெளியூர்க்காரர் காதில் அது கேரளமாகத்தான் விழும். நண்பரும் கேட்டார், "இங்கே இத்தனை மலையாளிகள் எப்படி வந்தார்கள்?" என்று.

செயலியை நான் மறுபடியும் சோதித்தேன். 'மதம் பிடித்த யானை' என்று எழுதினால் இன்றைக்குச் சரியாக வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இதே தொடர் சமயப் பற்றுள்ள யானையாகிக் கேலிக்கு ஆளானது எனக்கு நினைவிருக்கிறது. அது இயந்திரத்தின் குற்றம் மட்டும் இல்லை. வடமொழியில் மதநீருக்கு உள்ள சொல் வேறு, சமயத்துக்கு உள்ள சொல் வேறு. நடு எழுத்தின் ஒலி மாறும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'த'. வந்து சேர்ந்ததும் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன.

இயந்திரம் பிறகு எப்படித் திருந்தியது? அதற்கு யானையையும் தெரியாது, மதத்தையும் தெரியாது. ஒரு சொல் எந்தச் சொற்களோடு பழகுகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களில் எண்ணி, ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக மாற்றி வைத்திருக்கிறது. 2017-ல் வந்த டிரான்ஸ்பார்மர் என்னும் அமைப்பு, ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லைப் பார்த்துப் பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கும் எடை போடுகிறது. 'யானை' பக்கத்தில் வந்தால் 'மதம்' வெறியின் பக்கம் சாயும். 'சாதி' வந்தால் சமயத்தின் பக்கம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 அட்டவணை மொழிகள் 22-ஐயும் இந்த முறையில்தான் பெயர்க்கிறது. ஊரே சொல்லிச் சொல்லித் தேய்த்த தொடர் இதற்கு அல்வா. ஜமுனாமரத்தூர்க் கொல்லையில் மட்டும் புழங்கும் தொடர் வரும்போது எண்ணிப் பார்க்க வாக்கியம் இல்லை. நாளிதழ்களில் தலை சாய்ப்பவர்கள் எல்லாம் மனிதர்கள்; ஆகவே சாமையும் மனுஷி.

இதில் என்னை உறுத்துவது வேறு. பெரியவர் வாக்கியத்திலேயே சாட்சி இருந்தது. 'சாஞ்சிருச்சு' என்றார், 'சாஞ்சிட்டா' என்று சொல்லவில்லை. அஃறிணை விகுதி. தமிழ் வினைச்சொல் வாலை ஆட்டிச் சொல்லியும் இயந்திரம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருக்காதோ என்னவோ! 'பாப்பா தூங்கிருச்சு' என்று செல்லமாக அஃறிணையில் சொல்கிறவர்கள்தானே நாம்.

சாயங்காலம் ஆலங்காயம் சாலையில் காவலூர் போனோம். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இடம் தேடி அலைந்து பிடித்த காடு இது. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1986 முதல் நிற்கும் 2.34 மீட்டர் கருவி இப்போது அவர் பெயரில் இருக்கிறது. இருட்டியதும் பார்வையாளர்களுக்கான சின்னத் தொலைநோக்கியில் யாழ் மண்டலத்து வளைய நெபுலாவைக் காட்டினார்கள். பீடி குடிப்பவர் வாயைக் குவித்து ஊதிய புகை வளையம்போல் இருந்தது. "இதுதான் கோள் நெபுலா" என்று வழிகாட்டி சொன்னதும், அருகில் நின்ற பள்ளிப் பையன் "எந்தக் கோள் சார்?" என்றான்.

கேள்வி நியாயமானது. எந்தக் கோளும் இல்லை. சூரியன் போன்ற ஒரு விண்மீன் கடைசிக் காலத்தில் உதறிய வாயு அது. 1780களில் வில்லியம் ஹெர்ஷல், தான் கண்டுபிடித்த யுரேனஸ்போல வட்டமாக மங்கித் தெரிகிறதே என்று வைத்த உவமைப்பெயர். ஆங்கிலத்தில் உவமை என்பது மறந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றது. தமிழில் நாமும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தோம். 'பெருவெடிப்பு' இதைவிட மோசம். 1949-ல் பிபிசி வானொலியில் பிரெட் ஹாயில் அந்தப் பெயரைச் சொன்னபோது அந்தக் கொள்கையை அவர் ஏற்கவே இல்லை. கொள்கை சொல்வது அண்டவெளி தானே விரிகிறது என்பதை. ஓரிடத்தில் குண்டு வெடித்துச் சிதறியது என்பதை அல்ல. ஆங்கிலச் சொல்லில் ஒரு 'டமால்' கேலி இருக்கிறது. தமிழில் கேலி போய்விட்டது, வெடி நின்றுவிட்டது. நம் பாடப்புத்தகப் பிள்ளைகள் தீபாவளியைத்தான் கற்பனை செய்கிறார்கள். மதநீர் வண்டுக்கு நேர் எதிரான விபத்து: அங்கே செய்தியை அணி என்று நினைத்தோம், இங்கே அணியைச் செய்தியாக்கிவிட்டோம். 'பேரண்ட விரிவுத் தொடக்கம்' என்று யாராவது மாற்றினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பெருவெடிப்பே இருக்கட்டும். வகுப்பில் ஒரு நிமிஷம் எடுத்து, வெடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது நண்பர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். செயலியில் மொழிபெயர்ப்பைத் திருத்த ஒரு பொத்தான் இருக்கிறதாம். பெரியவர் கொடுத்த கதிரை அவர் சட்டைப்பையில் பத்திரமாகச் செருகியிருந்தார். சாமை ஒரு சிறுதானியம், தலை என்பது கதிர், சாய்ந்தால் முற்றியது என்று அர்த்தம், அறுப்பது அறுவடை என்று அடித்து அனுப்பினேன். யாராவது பார்ப்பார்களா என்று தெரியாது. உங்கள் ஊரிலும் வயலில், தறியில், படகில், அடுப்படியில் மட்டும் சொல்கிற தொடர்கள் இருக்கும். யார், எதைப் பார்த்து, எப்போது சொல்வார்கள் என்பதோடு சேர்த்து நாலைந்தை இந்த வாரமே எழுதி வையுங்கள். எழுத்தில் ஏறாத தொடரை எந்த இயந்திரமும் எண்ணிப் பார்க்க முடியாது.